பழைய கணினிக்கும் வாழ்வுண்டு

நம்மில் பலரது வீடுகளில் "இனி உதவாது" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட கணினியொன்று இருக்கும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் புதியதொன்றை வாங்குவது எல்லோராலும் முடிந்த காரியமல்ல. கணினி பழுதென்றால் அதைக் கடைக்குக் கொண்டுபோக வாப்பாவோ காக்காவோ ஓய்வாகும் வரை காத்திருக்கிறோம். ஆனால் மென்பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் நாமே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள்தாம்.

எங்கள் வீட்டுப் பழைய கணினியில் நான் பயன்படுத்துவது லுபுண்டு. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட, இலவசமான, எடை குறைந்த பணிசெயல் முறைமை இது. இதன் புதிய பதிப்புகள் 64 பிட் கணினிகளுக்கு மட்டுமே உரியவை. அதனினும் பழைய 32 பிட் கணினி வைத்திருப்போருக்கு ஆன்டிஎக்ஸ் பொருத்தமானது.

பொதி என்றால் என்ன?

லினக்ஸில் மென்பொருள்கள் 'பொதி'களாகக் கிடைக்கின்றன. அவை களஞ்சியம் எனப்படும் சேவையகங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். கண்ட கண்ட இடங்களிலிருந்து பதிவிறக்கத் தேவையில்லாததால் வைரஸ் பயமும் குறைவு.

ஒரு வளவுக்குள் நான்கு குடும்பங்கள் இருந்தாலும் அம்மி ஒன்றே போதும். அதுபோலப் பல மென்பொருள்கள் ஒரே துணைப் பொதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இதைச் 'சார்பு' என்பர். ஒரு மென்பொருளை நிறுவும்போது அதற்குத் தேவையான அம்மியும் தானாகவே வந்துவிடும்.

சேர்த்தல்

முனையத்தைத் திறந்து கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்ய வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

முதலில் 'சூடோ ஆப்ட்-கெட் அப்டேட்'. இது களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். 'அப்கிரேட்' என்பது வேறு. அது நிறுவப்பட்டுள்ள மென்பொருள்களையே புதுப்பிப்பதால் டேட்டா அதிகம் செலவாகும். அடுத்து 'சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' என எழுதி, பொதியின் பெயரைச் சேர்க்க வேண்டும். உதாரணமாக 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதியை நிறுவினால், நம் நாட்டில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையிலேயே தமிழில் எழுதலாம்.

டேட்டாவை மிச்சப்படுத்தவும் ஒரு வழி உண்டு. ஆப்ட்-கெட் பதிவிறக்கிய பொதிகள் 'வார்' கோப்புறையினுள் 'கேஷ்', அதனுள் 'ஆப்ட்', அதனுள் 'ஆர்கைவ்ஸ்' என்ற இடத்தில் தங்கியிருக்கும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்து, அதே பதிப்பைப் பயன்படுத்தும் தோழியின் கணினியில் அதே இடத்தில் வைத்தால், அவர் மீண்டும் பதிவிறக்க வேண்டியதில்லை. வெறும் 'ஆப்ட்' கட்டளை நிறுவியதும் அவற்றை அழித்துவிடும் என்பதால்தான் ஆப்ட்-கெட்டைச் சொல்கிறேன்.

நீக்குதல்

'ரிமூவ்' மென்பொருளை நீக்கும். ஆனால் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் சேர்த்து அகற்றும். 'ஆட்டோரிமூவ்' இனி எவருக்கும் தேவைப்படாத அம்மிகளை அப்புறப்படுத்தும். சேமித்த பொதிகள் வன்தட்டை நிறைத்தால் 'கிளீன்' போதும்.

ஓர் எச்சரிக்கை: நீக்குவதற்கு முன் கணினி ஒரு பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும். அதை வாசிக்காமல் 'வை' விசையை அழுத்தாதீர்கள். நீக்குவது ஒரு துணைப் பொதியென்றால், அதைச் சார்ந்த எல்லாமே சேர்ந்து போய்விடும். பட்டியல் எதிர்பாராத அளவுக்கு நீளமாக இருந்தால் 'என்' அழுத்தி நிறுத்திவிடுங்கள்.

கட்டளைகள் கடினமென்று தோன்றினால் சினாப்டிக் என்ற மென்பொருளை நிறுவி, சுட்டியால் தெரிவுசெய்தே இவற்றைச் செய்யலாம்.

சுதந்திர மென்பொருள் நமக்கு அந்நியமானதல்ல. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நமது அம்பாறைக் கரையைச் சிதைத்தபோது, நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க இலங்கையின் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்ற அனுமதியே அதைக் கடல் தாண்டச் செய்தது. அதே அனுமதிதான் இன்று நமது பழைய கணினிகளையும் இயங்கச் செய்கிறது. மூலையில் கிடப்பதன் தூசியைத் தட்டுங்கள் தோழிகளே. ஒரு பொதியை நிறுவிப் பாருங்கள், பிறகு அதை நீக்கியும் பாருங்கள்.