உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டினால் செல்லாத மருந்துச் சீட்டு

அமெரிக்க மருத்துவர் எழுதிய சீட்டைக் கனடாவின் மருந்துக்கடையில் நீட்டினால் மருந்து கிடைக்காது. கனடாவில் உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். விலையோ அங்கே மலிவு. அப்புறமென்ன, நோயாளியின் முகத்தையே பாராமல் கையெழுத்துப் போட்டுத் தருபவர்கள் முளைத்தார்கள்.

2023-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு கணக்கெடுத்தபோது திடுக்கிட்டது. நீரிழிவுக்கான ஒசெம்பிக் ஊசி, எடையையும் குறைப்பதால் கிராக்கி ஏறிய மருந்து. அம்மாகாணத்தில் விற்றதில் சுமார் 15 விழுக்காடு அமெரிக்கர்களுக்குப் போயிருந்தது. மூன்றே மாதங்களில் ஏறத்தாழ 17,000 சீட்டுகளில் ஒரே ஆளின் பெயர்! அவருடைய உரிமம் நாட்டின் மறுகோடியிலுள்ள நோவா ஸ்கோஷியாவில். ஆள் இருந்ததோ அமெரிக்காவில். உரிமம் இடைநிறுத்தப்பட்டது. கனடாவின் குடிமக்களோ நிரந்தரக் குடியிருப்பாளர்களோ அல்லாதவர்களுக்கு, நேரில் வந்தால்தான் ஊசி என்று மாகாணம் விதி போட்டது.

அமெரிக்கச் சட்டப்படியும் தனியாள் வெளிநாட்டு மருந்தைத் தருவிப்பது பெரும்பாலும் குற்றமே. ஆனால் சொந்தத் தேவைக்கு 90 நாள் அளவுக்குள் இருந்தால் அதிகாரிகள் பல நேரம் கண்டுகொள்வதில்லை. சட்டம் ஒன்று, நடப்பு வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை நேர்மாறு: 2011-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஓர் உறுப்பு நாட்டின் சீட்டு மற்றொன்றிலும் செல்லும். போதை மருந்துகள் போல, தனிச்சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.