தாய்வீட்டுப் பிரயாணமும் கர்ப்பிணிகளும்

தணிக்கையின் பொருட்டு வெள்ளானூர்ப் பக்கம் செல்லுங்கால், கணக்குப் பேச்சு முடிந்தபின் அங்கத்தினர்கள் தம் குடும்பக் கவலைகளையும் நம்மிடம் கூறுவதுண்டு. “மகளைத் தலைப்பிரசவத்திற்கு அழைத்து வரவேண்டும், எந்த மாதத்தில், எந்த வண்டியில் அழைப்பது?” என்பது அவற்றுள் ஒன்று. அதுபற்றிச் சில கூறுவோம்.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டிற்கு அழைப்பது நம் வழக்கம். வழக்கம் நன்றே, நாளைத் தேர்வதில்தான் கவனம் தேவை. 14 முதல் 28 வாரம் வரையே பிரயாணத்திற்கு ஏற்ற காலம் என்பர் மருத்துவர். மசக்கை தணிந்திருக்கும், வயிறும் மிகப் பெருத்திராது. 37 வாரம் நிறையுமுன்னரே சிலருக்குப் பிரசவ வலி காண்பதால், தொலைவான ஊராயின் ஒன்பதாம் மாதம் வரை காத்திராது, ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே அழைத்துக்கொள்வது நலம். உதிரப்போக்கு, இரத்தக் கொதிப்பு, இரட்டைக் கரு, முன்பு குறைப்பிரசவம் ஆகியவை உடையோர் மருத்துவர் இசைவின்றிப் புறப்படலாகாது.

இருசக்கர வண்டியில் ஒருபுறமாக அமர்ந்து செல்வதைத் தவிர்க்க வேண்டும். விழுந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. நெடுந்தூரத்திற்கு ரயிலே சௌகரியம். எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருப்பதால் முன்பதிவின்போதே தெரிவித்தல் வேண்டும். காரிலாயின், இடுப்புப் பட்டை வயிற்றின்மேல் படாது, அதன் கீழே இடுப்பெலும்போடு படிந்திருக்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதில் உறையும். ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்தால் கால் நரம்பில் கட்டி உண்டாகலாம். ஆதலின் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் சற்று நடக்க வேண்டும். தண்ணீர் பருகத் தயங்கலாகாது.

சங்க அங்கத்தினருக்குப் பாஸ்புத்தகம் எப்படியோ, கர்ப்பிணிக்குத் தாய்சேய் நலக் கையேடு அப்படி. இரத்த வகை, பரிசோதனை முடிவுகள், பதிவு எண் யாவும் அதில் இருப்பதால் அது கைப்பையிலேயே இருக்க வேண்டும். புறப்படும் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சேரும் ஊரின் செவிலியருக்கும் முன்னரே செய்தி சொல்வது அவசியம். வெள்ளானூருக்கு மகளை அழைத்து வருவோர், ஆவடி அரசு மருத்துவமனையையும், 1844இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையையும் நினைவிற் கொள்க. வழியில் உதிரம் கண்டாலும், நீர் கசிந்தாலும், கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் தாமதியாது 108ஐ அழைக்க வேண்டும். 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

இறுதியாக ஒன்று. முதல் மாதங்களில் கரு கலைந்தால், “ஊருக்குப் போனதால்தான்” என்று மருமகளைப் பழிப்பவர் உளர். அவ்வாறு கலைவது பெரும்பாலும் கருவிலேயே அமைந்த குறையினால். வண்டியின் குலுக்கலால் அன்று. துயருற்றவளுக்கு வேண்டுவது ஆறுதலே. பழி சொல்லாதிருப்பதும் அவளைக் காக்கும் கடமையுள் ஒன்று என்பதை அங்கத்தினர்கள் உணர்வார்களாக.