ஒரு கருவிக்குச் சரி, இன்னொன்றுக்குப் பிழையா?

பொங்கல் மலருக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்குகிறது. வாசகர்களின் மின்னஞ்சல்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும் சொல்லை இன்னொன்று பேசாமல் விட்டுவிடுகிறது, எதை நம்புவது?

'துல்லியமாகப் பிழை காட்டும்' என்ற விளம்பரத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான பிழைதிருத்திகள் நீங்கள் எழுதிய சொல் தம் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால், பட்டியலில் உள்ள சொல்லோடு விகுதிகளைச் சேர்த்து அதை உண்டாக்க முடிகிறதா என்று பார்க்கும். அதுவும் முடியாவிட்டால் கோடு விழும். அந்தச் சொல் கருவிக்குத் தெரியவில்லை என்பதற்கு மேல் கோட்டுக்குப் பொருள் கிடையாது.

பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் இயங்கும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தியை எடுத்துக்கொள்வோம். ஹங்கேரியரான லாஸ்லோ நேமெத் தம் மொழியை மனத்தில் கொண்டு உருவாக்கியது. அதுவும் தமிழைப் போல விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழி. எனவே இரண்டு கோப்புகள்: ஒன்றில் சொற்கள், மற்றதில் எதனோடு எது எப்படிச் சேரும் என்ற விதிகள். நேர்த்தியான ஏற்பாடு. 'வீடு' என்று ஒருமுறை எழுதிவைத்தால் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகளுக்கு எல்லாம் விதியிலிருந்தே பிறந்துவிடும். விதி எழுதியவர் ஒன்றை மறந்திருந்தால் நல்ல தமிழுக்கும் கோடு விழும்.

வல்லினம் மிகும் இடத்தில்தான் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. வீட்டைக் கட்டினான், வீட்டைச் சுற்றினான், வீட்டைத் திறந்தான், வீட்டைப் பார்த்தான், வீட்டை மாற்றினான். ஒரே வேற்றுமைக்கு ஐந்து வடிவங்கள். எது வரவேண்டும் என்பதை அடுத்த சொல்லின் முதலெழுத்துதான் தீர்மானிக்கிறது. கருவியோ ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சோதிக்கிறது, அடுத்த சொல் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஒற்று மிகுந்த வடிவங்களையும் ஏற்கும்படி விதி எழுதினால் 'வீட்டைக் பார்த்தான்' என்ற பிழையும் தப்பிவிடும். ஏற்காதபடி எழுதினால் 'வீட்டைக் கட்டினான்' என்று சரியாக எழுதியவருக்குக் கோடு விழும். ஒருவர் முதல் வழியையும் மற்றவர் இரண்டாவதையும் தேர்ந்தால் போதும், இரு கருவிகள் முரண்பட்டுவிடும்.

இரண்டாவது வழிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இலக்கணம் அறிந்த மாணவி கோட்டைப் பார்த்துத் தயங்கி ஒற்றை எடுத்துவிடுகிறாள். கோடு மறைகிறது. 'வீட்டை கட்டினான்' என்பது இரண்டு கருவிகளிலும் தேறிவிடும், ஏனென்றால் 'வீட்டை' தனிச்சொல்லாகச் சரிதான். ஏற்கெனவே தமிழில் மலிந்திருக்கும் ஒரு பிழை, கணினியின் ஒப்புதலோடு இன்னும் பரவுகிறது.

நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' போன்ற சந்திப் பிழைதிருத்திகள் பக்கத்துச் சொல்லையும் சேர்த்துப் பார்க்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனாலும் 'வேலை கொடு' என்றால் கேட்பது உத்தியோகம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பது. இரண்டும் சரி. எழுதியவர் எதை நினைத்தார் என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. கோயிலா, கோவிலா? இரண்டும் சரி, ஒன்றை மட்டும் ஏற்பது பட்டியல் தயாரித்தவரின் விருப்பம்.

சுவற்றில் என்று எழுதலாமா? சுவரில் என்பதே சரி, எந்தக் கருவி ஏற்றாலும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் 'ஔவை'க்கு ஏன் கோடு? ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டியிருப்பீர்கள்.

'அகராதியில் சேர்' என்பதை அழுத்தலாமா? ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் அழுத்துங்கள். ஐயமுள்ள சொல்லுக்கு வேண்டாம், பிறகு அந்தப் பிழையை உங்கள் கணினி காட்டாது.

ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். கோடு விழுந்தது என்பதற்காக மட்டும் ஒற்றை எடுத்துவிடாதீர்கள்.