தலைத் தீபாவளிக்கு வரும் வெளிமாநில மாப்பிள்ளை

கல்யாணமான முதல் வருஷத் தீபாவளி பெண் வீட்டில்தான் என்பது தமிழ்நாட்டில் பேச்சுக்கே இடமில்லாத ஏற்பாடு. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவார்கள். பொங்கலுக்குச் சீர் போகும். எந்தப் பண்டிகை யார் வீட்டில் என்று புதுத் தம்பதி வாதாடாமல் வழக்கமே அதைத் தீர்த்துவைத்துவிடுகிறது. வங்காளத்தில் கோடையில் வரும் ஜமாய் சஷ்டி மாப்பிள்ளைக்கான நாள். கோதாவரி மாவட்டங்களில் சங்கராந்திக்குப் புது மாப்பிள்ளைக்கு இலை கொள்ளாத விருந்து. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், மணமான பெண்கள் கணவனோடு தாய்வீடு போகும் நாள். மாப்பிள்ளையோ மருமகளோ வேறு வழக்கத்தில் வளர்ந்தவராக இருக்கும்போதுதான் சிக்கல்.

முதல் சிக்கல் நேரம். தீபாவளிதானே, வடக்கத்தி மாப்பிள்ளைக்குத் தெரியாததா என்று பெண் வீட்டார் இருந்துவிடுவார்கள். அவர் வீட்டில் அது அமாவாசை மாலை: லட்சுமி பூஜை, வரிசை விளக்கு, பிறகு பட்டாசு. தமிழ் வீட்டிலோ அது நரக சதுர்த்தசி விடியல். இருட்டோடு எழுப்பி, மணையில் கிழக்கு பார்த்து உட்காரவைத்து, மூத்தவர் ஒருவர் தலையில் நல்லெண்ணெய் வைப்பார். சீயக்காய், வெந்நீர்க் குளியல், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி, பெரியவர்கள் காலில் விழுவது, ஓர் உருண்டை தீபாவளி மருந்து, வெடி. பொழுது ஏறுவதற்குள் பலகாரம் தின்று வீடே கண்ணயர்ந்துவிடும். மாலைக்காகக் காத்திருக்கும் மாப்பிள்ளைக்குப் பண்டிகை முடிந்துபோனதே தெரியாது. சாயங்காலம் அவருக்காக வாசலில் நாலு அகல் ஏற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது சாப்பாடு. பல தமிழ் வீடுகளில் அன்று காலை இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்புதான். திருவண்ணாமலை உள்ளிட்ட வட மாவட்டங்களிலோ கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே அதிரசம் படைத்து நோன்புக் கயிறு கட்டும்வரை கறிப் பேச்சே கிடையாது. சிவனின் உடலில் பாதியைப் பெறப் பார்வதி இருந்த விரதம் இது என்பது கதை. எல்லாக் குடும்பத்துக்கும் இந்த நோன்பு இல்லை. உள்ள வீட்டில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருவது. வேற்று மதத்திலோ வேற்று நாட்டிலோ பிறந்த மருமகளிடம் கயிற்றை நீட்டுமுன் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பதே முறை. கறிக்குழம்பைக் கண்டு திகைக்கக்கூடிய சைவ மாப்பிள்ளையை முன்கூட்டித் தயார்ப்படுத்துவதும் கட்டிக்கொண்ட பெண்ணின் வேலைதான்; மாமியார் தலையில் அதைப் போடக் கூடாது.

மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேல்நாட்டில் நெருக்கம். இங்கே அது வீட்டையே அதிரவைக்கும். 'மாமா', 'அத்தை' என்ற இரண்டு சொல் போதும், பாதிப் பயம் தெளிந்துவிடும்.

சீர் விஷயம் இவ்வளவு லேசானதல்ல. மாப்பிள்ளைக்கு மோதிரமோ கைக்கடிகாரமோ போடுவது வழக்கம்; கடன் வாங்கிப் போடும் அப்பாக்களும் உண்டு. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டப்படி கேட்டு வாங்குவது குற்றம். ஆனால் வாய்விட்டுக் கேட்காமலே எதிர்பார்ப்பதை எந்தச் சட்டம் பிடிக்கும்? சீர் என்றால் என்னவென்றே அறியாத மாப்பிள்ளை வாய்ப்பது, அந்த வகையில், பெண்ணைப் பெற்றவருக்கு அதிர்ஷ்டம்.

திருவண்ணாமலையில் பெண்ணெடுத்தவருக்குத் தீபாவளியோடு முடிவதில்லை, அடுத்து கார்த்திகை. வேலூர் சாலையில் கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற இடங்களில் தீபத்தன்று உறவுக்காரர்கள் மொட்டை மாடியில் கூடிவிடுவார்கள். விடியற்காலை கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு, சிவனும் பார்வதியும் ஓருடலான அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளிவந்து போக, 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம். அதைப் பார்த்த பிறகுதான் வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். பொரியும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிடித்த உருண்டையைத் தின்ன எந்த முன்னறிவும் வேண்டாம். சடங்கு எதையும் செய்யத் தேவையில்லாத இந்த நாள், வெளியிலிருந்து வருபவருக்குத் தலைத் தீபாவளியைவிடச் சுலபமானது. ஊருக்குள் நுழைவதுதான் பாடு. வெளியூர் வண்டிகளை எல்லையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்களில் நிறுத்திவிடுவதால், மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து சேர்வது நல்லது.