பாடத் தெரியும், படிக்கத் தெரியாதா?



நாம் வாழும் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைக் 'குட்டி இந்தியா' என்று சொல்வது வழக்கம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ளோர் 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் நூற்றுக்கு 90; பெண்கள் 82. ஏதேனும் ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அரசுக் கணக்கில் எழுத்தறிவு பெற்றவர்தான். அது தாய்மொழியா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இத்தீவுகளின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது.

மூஸ் கிராமத்துத் தமிழர்

1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் வேதப்பன் சாலமன் என்ற தமிழர் தங்கியிருந்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார்; அரசின் முகவராகவும் பணியாற்றினார். நிக்கோபாரிச் சிறுவர்களுக்கு அங்கே பள்ளி நடத்தினார். அவரிடம் கற்ற சிறுவர்களில் ஒருவரே பின்னாளில் புகழ்பெற்ற ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவின் மாந்தளையில் மேற்படிப்பு முடித்துத் தீவுக்குத் திரும்பிய ரிச்சர்ட்சன், ஆசிரியரானார், பிறகு குருவானார். 1952இல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டார். 1966இல் அந்தமான் நிக்கோபார் திருமண்டலத்தின் முதல் பேராயரானார்.

இவற்றையெல்லாம்விட அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ரோமன் எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட நிக்கோபாரி மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். வீட்டில் பேசும் பேச்சே அச்சில் வந்ததால், ஒரு நிக்கோபாரித் தாய் படிக்கக் கற்பதற்கு முன் வேறொரு மொழியைக் கற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

மாயாபந்தர் பக்கம் போனால் கரேன் மக்களைக் காணலாம். 1925இல் வனத்துறை வேலைக்காகப் பர்மாவிலிருந்து வந்து வேபி முதலிய கிராமங்களில் குடியேறியவர்கள் இவர்கள். ஏறத்தாழ 2,000 பேர்தான். பர்மிய எழுத்தை ஒட்டி 1830களில் அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜொனாதன் வேட் உருவாக்கிய எழுத்தே இவர்களின் எழுத்து. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பது இந்தி வழியில். சொந்த எழுத்துக்கோ தேவாலயம்தான் பள்ளிக்கூடம். நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த எழுத்து இங்கே அழியாமல் நிற்பதற்கு வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் முக்கியக் காரணம்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. 1918 முதல் காடு வெட்ட அழைத்து வரப்பட்ட ராஞ்சி மக்களில் ஓராவோன் இனத்தார் பேசும் குருக் மொழி, நம் தமிழோடு பிறந்த திராவிட மொழி. அவர்கள் 'நீன்' என்றால் நமக்கு 'நீ'. 'ஏன்' என்றால் நமக்கு 'நான்'. அந்த உறவு மொழி இத்தீவுகளில் சாத்ரிக்கும் இந்திக்கும் இடம்விட்டு ஒதுங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. நாளை நமக்கும் இதுதானோ?

நம்மிடம் இருக்கும் முதல்

நம் நிலை அவ்வளவு மோசமில்லை. தமிழ் வழிப் பள்ளிகள் சில இருக்கின்றன. ஆனால் பள்ளி வயதைக் கடந்த பெண்களின் நிலை என்ன? கூலி வேலைக்கு வந்த குடும்பங்களில், சிறு வயதிலேயே வேலைக்குப் போய்ப் பள்ளியைக் காணாதவர்கள் பலர். நான் வாரம் இருமுறை மாலையில் இப்படிப்பட்ட நான்கு பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

அவர்களில் மூத்தவர் இராமநாதபுரம் பக்கத்துப் பெரியம்மா. கந்த சஷ்டி கவசம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது, "எழுத்தப் பாத்தா எறும்பு ஊருற மாதிரில்ல இருக்கு தாயி" என்றார். "நீங்க பாடுங்க பெரியம்மா, நான் விரல் வைக்கிறேன்" என்றேன். 'காக்க' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நாலாவது முறை அவரே விரல் வைத்துவிட்டார்! அதிலிருந்து 'கா'வைப் பிரித்துக் காய், காசு, காடு என்று எழுதிக் காட்டினேன். மனப்பாடமாக இருந்தது இப்படித்தான் மெல்ல மெல்ல எழுத்தாகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனத்திலிருந்து ஒப்பிப்பது படிப்பு ஆகாது. நடுவில் ஒரு வரியைக் காட்டிக் கேட்க வேண்டும். இதுவரை பார்த்திராத கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். சொந்த ஊரிலிருந்து செல்பேசியில் வரும் செய்தியைப் பேரப்பிள்ளையின் உதவியில்லாமல் படிக்க வேண்டும். கைநாட்டுப் போன இடத்தில் கையெழுத்து வர வேண்டும்.

"இங்கே வங்கியிலும் அலுவலகத்திலும் இந்தியும் ஆங்கிலமும்தானே, தமிழ் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு முறை பிடிபட்டுவிட்டால் அடுத்த எழுத்து எளிதாகும். அந்த முதல் பிடி, அர்த்தம் தெரிந்த சொந்த மொழியில்தான் விரைவில் கிடைக்கும்.

இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வழியும் அல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் நம் இஸ்லாமியச் சகோதரிகள் பல தலைமுறைகளாக அரபுத் தமிழில் மார்க்க நூல்களைப் படித்து வந்தார்கள்; எழுத்து அரபு, மொழி தமிழ். கோயிலில் பாடும் பெண்ணுக்கும் சபையில் ஞானப்பாட்டுப் பாடும் பெண்ணுக்கும் தொடக்கப் புத்தகம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. ஆனால் பக்தியை நுழைவுக் கட்டணமாக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பாயில் அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான். வெற்றிமலை முருகன் கோயிலாகட்டும், தேவாலயமாகட்டும், பள்ளிவாசலாகட்டும், நம் பெண்கள் கூடும் இடங்களின் நிர்வாகிகளிடம் பேசி, வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து வரும் நேரமாக இருக்கட்டும். கைக்குழந்தையைத் தூக்கி வந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். சொல்லிக் கொடுக்க நம் கல்லூரிப் பெண்கள் முன்வரட்டும். அவர்கள் தமிழும் அதனால் கூர்மை பெறும்.

விஜயதசமியன்று சிறு பிள்ளைகளின் கைபிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம். வரும் விஜயதசமியில் அந்தத் தாம்பாளத்தின் முன் அம்மாக்களையும் அப்பத்தாக்களையும் உட்கார வைப்போமே!