டிராக்டருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா? வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள்!

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டா விவசாயிக்கு உட்கார நேரமிருக்காது. நாற்றங்கால், வரப்பு வெட்டு, சேற்றுழவு என்று வேலைகள் வரிசை கட்டும். அப்படியொரு சம்பா பருவத் தொடக்கத்தில்தான் ஒரு விவசாயியின் 20 வயதைத் தாண்டிய டிராக்டருக்கு அடியில் உள்ளங்கை அகலக் கறை தென்பட்டது. என்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் இடத்திலிருந்து கறுப்பு ஆயில் சொட்டியது.

பார்க்க வந்த மெக்கானிக், "பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும்ணே. வண்டியை ரெண்டா பிரிச்சாத்தான் மாத்த முடியும். மூணு நாள் ஆகும்" என்றார். சொந்த வயல் 4 ஏக்கர். வாடகை உழவுக்கு வாக்குக் கொடுத்ததோ 10 ஏக்கர். மூன்று நாள் வண்டி நின்றால் கூலியும் போகும், கொடுத்த வாக்கும் போகும்.

அந்தக் காலத்தில் டிராக்டர் ஓட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும், "பிரிக்கிறது இருக்கட்டும் தம்பி. முதல்ல வண்டியைக் குளிப்பாட்டு" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

கூரையில் ஒழுகும் மழைநீர், ஓடு உடைந்த இடத்தில் நேராக விழுவதில்லை. சட்டத்தின் வழியாக ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். ஆயிலும் அப்படித்தான். மேலே கசிந்தது என்ஜின் உடம்பில் வழிந்து, வண்டி ஓடும்போதும் விசிறிக் காற்றாலும் பின்பக்கம் தள்ளப்பட்டு, தாழ்வான இடத்தில் சொட்டுகிறது. ஆகவே, கறை இருக்கும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும்.

எந்தத் திரவம் என்று பாருங்கள்

ஒரு வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு பிடித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* என்ஜின் ஆயில்: டீசல் என்ஜினில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். விரலில் வழுக்கும்.
* கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில்: பெரும்பாலும் தேன் நிறம் அல்லது பழுப்பு. பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான்.
* டீசல்: நீர்த்திருக்கும், வாசனையே காட்டிக்கொடுக்கும். கசியும் இடத்தில் அழுக்கு கழுவப்பட்டுப் பளிச்சென்று தெரியும்.
* ரேடியேட்டர் தண்ணீர்: கூலன்ட் கலந்திருந்தால் பச்சை, சிவப்பு போன்ற நிறம் தெரியும். வெறும் தண்ணீர் என்றால் காகிதத்தில் கறையின்றி உலர்ந்துவிடும்.

பேட்டரிக்குக் கீழே ஈரம் இருந்தால் தொட வேண்டாம். அது ஆசிட்டாக இருக்கலாம்.

அட்டை, மண்ணெண்ணெய், பவுடர்

இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கவும். முன்பக்கம் எது என்று அட்டையில் குறித்துக்கொள்ளவும். காலையில் எங்கே, என்ன நிறத்தில், எத்தனை சொட்டு என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சுத்தம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஏர் கிளீனர் வாயையும் டைனமோவையும் பாலிதீன் பையால் மூடிவிட்டு, மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் பழைய பிசுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. பழைய துணியால் துடைத்து, முழுதும் உலர விடவும்.

பிறகு, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவவும். என்ஜினை 10 முதல் 15 நிமிடம் ஓட விட்டு, நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்க்கவும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தொடங்கும் உச்சிதான் ஊற்றுக்கண். கை நுழையாத இடத்துக்கு ஒரு சிறு முகக்கண்ணாடி போதும். என்ஜின் ஓடும்போது வேட்டி, துண்டு எதுவும் விசிறி பெல்ட் பக்கம் போகக் கூடாது.

அடிக்கடி கசியும் இடங்கள்

மேலே டேப்பெட் கவர் பேக்கிங், பக்கவாட்டில் ஆயில் ஃபில்டர், பிரஷர் மீட்டருக்குப் போகும் குழாய், கீழே ஆயில் சம்ப் பேக்கிங், ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கவும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால், பம்ப்பின் உள் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பிரீதர் எனும் மூச்சுக்குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தூசியும் சேறும் அடைத்துக்கொண்டால், என்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசிவு வரும்.

கசிகிறதே என்று போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்குவது தவறு. கார்க் பேக்கிங் பிதுங்கி உடையும், கவர் வளையும். எதிரெதிர் போல்ட்டாக, சீராக முறுக்க வேண்டும்.

கிளட்ச் ஹவுசிங் துளையை அடைக்காதீர்கள்

பல டிராக்டர்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும், அதில் ஆடும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். உள்ளே சேரும் ஆயில் வெளியேறத்தான் அந்தத் துளை. சேறு அடைக்காமல் காப்பதுதான் அந்தப் பின்னின் வேலை. அடைத்துவிட்டால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறி, கிளட்ச் வழுக்கும்.

இந்தத் துளையைத் துடைத்துவிட்டுக் கவனிக்கவும். துளைக்குள்ளிருந்தே கறுப்பு ஆயில் வந்தால், என்ஜினின் பின்பக்க சீல். பழுப்பான கியர் ஆயில் வந்தால், கியர் பெட்டியின் முன் சீல். இரண்டுக்கும் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். மெக்கானிக் சொல்வது சரியே. ஆனால், துளை காய்ந்திருந்து வெளிப்புறமாக மட்டும் ஆயில் வழிந்தால், ஊற்றுக்கண் மேலே எங்கோ இருக்கிறது.

எது பொறுக்கும், எது பொறுக்காது?

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 1,440 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டால் 72 மில்லி. மாதத்துக்கு 2 லிட்டருக்கு மேல். தினமும் காலையில் அளவுக்கம்பியைப் பார்த்து ஊற்றி வந்தால், சிறு கசிவோடு பருவத்தைக் கடத்திவிடலாம். கீழ்க்கண்டவை அப்படியல்ல. உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

* பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில்: ஆக்சில் சீல் போயிருக்கலாம். உலர் பிரேக் உள்ள பழைய டிராக்டரில் ஆயில் பிரேக்கில் படிந்தால், ஒரு பக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும். டிரெய்லரில் ஆட்களையோ மூட்டையையோ ஏற்றிச் சாலையில் போனால் உயிருக்கே ஆபத்து.
* ஆயில் பால் கலந்த காபிபோல் இருத்தல்: தண்ணீர் உள்ளே இறங்குகிறது.
* ஆயில் அளவு கூடி, டீசல் வாசனை வீசுதல்: பழைய மாடல்களில் ஃபீட் பம்ப்பின் ரப்பர் திரை கிழிந்து, டீசல் சம்ப்புக்குள் இறங்கலாம்.
* இன்ஜெக்டர் குழாய், ஹைட்ராலிக் ஹோஸில் பீச்சல்: கையால் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசலும் ஆயிலும் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஓர் அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். தோலில் பாய்ந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துடைத்த துணி, வடித்த ஆயில் எதையும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

அந்த டெல்டா விவசாயியின் டிராக்டரில் நடந்தது இதுதான். குளிப்பாட்டி, பவுடர் தூவி, என்ஜினை ஓட்டிப் பார்த்ததில் ஸ்பிளிட் பின் காய்ந்தே இருந்தது. ஈரக்கோடு டேப்பெட் கவரின் பின்மூலையில் தொடங்கியது. பேக்கிங் ஓடுபோல இறுகி வெடித்திருந்தது; பிரீதர் சேற்றால் அடைத்திருந்தது. அதே மெக்கானிக் வந்து பேக்கிங்கை மாற்றி, பிரீதரைக் கழுவிப் போட்டார். "நானும் கழுவிட்டுப் பாத்திருக்கணும்ணே" என்றார் அவர். மறுநாள் விடிவதற்குள் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது.