சூடேறும் பழைய டிராக்டர்: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேற்றுழவில்தான் பழைய டிராக்டர்கள் அதிகம் சூடேறுகின்றன. வண்டி நகர்வது மெதுவாக, எஞ்சின் மீதோ முழுப் பளு. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் பளுவைக் குறைத்து, நாலைந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் ஒழுகித் தீர்ந்திருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடலாம். நடவுக்கு வைத்திருந்த பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

முதலில் வெளியே பாருங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே வைக்கோல் தூசியும் சேறும் அடைத்திருந்தால் காற்று புகாது. எஞ்சின் ஆறிய பிறகு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். பேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழலாம். அதிகம் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும். விசிறியும் வாட்டர் பம்ப்பும் சரியாகச் சுற்றாது. (காற்றால் குளிரும் பழைய ஐச்சர் எஞ்சின்களில் ரேடியேட்டரே கிடையாது. அவற்றில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.)

உள்ளே பெரிய எதிரி உப்பு. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே, போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டியில் ரேடியேட்டர் குழாய்களிலும் லைனரைச் சுற்றியும் உப்புப் படியும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தவிடாது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஊர் வைத்தியம், தவறான வைத்தியமும்கூட. அது இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் டீசலை அதிகம் குடிக்கும், லைனரும் தேயும். சில எஞ்சின்களில் வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவந்து, சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். சுமார் 80 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடலாம். ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அதற்குமேல் ஓட்டாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைப்பதுதான் சிக்கனம்.